துறைபோய புலமை

ஒரு கலையில் வல்லாரைத் துறைபோயவர் என்று கூறுதல் தமிழ் வழக்கு. துறையென்பது நீர்நிலையில் இறங்குமிடம். கரையில் நிற்பவன் நீரின் பரப்பைக் கூறலாம்; இறங்கிக் கடந்தவனே இன்ன இடத்தில் ஆழம் இன்னதென்று கூறவல்லன். அங்ஙனமாயின் துறைபோயவர்க்கு இலக்கணம் யாது? பலவற்றை அறிதலா? பட்டம் பெறுதலா? அன்றி வேறொன்றா? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பட்டம் பிறர் தருவது. அஃது அறிவுக்கு அடையாளமாகலாமேயன்றி அறிவாகாது. பலவற்றை அறிதலே வன்மையென்பார்க்கு டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் வரலாறு தக்க விடையாகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் முறையாகப் பாடங்கேட்ட ஐயரவர்கள், 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார்கள். அவ்வாண்டில் அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர்கள் கற்ற நூல்களை வினவினார். அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, புராணம் என அடுக்கிய வரிசை முதலியாரை வியப்பிக்கவில்லை. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்பவற்றைப் படித்ததுண்டோ என்றார் அவர். அவையோ ஐயரவர்கள் அதுகாறும் கற்றிராத நூல்கள்.

கற்ற நூற்றொகை அன்று குறைந்ததன்று. கல்லாதது இன்னதென்பது தெளிவாயிற்று. அதன்பின் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. முதலியார் அளித்த பிரதியைக்கொண்டு ஐயரவர்கள் சிந்தாமணியைக் கற்கத் தொடங்கினார்கள். உரை கொண்டும் விளங்காத சைனசமயக் கருத்துக்களை அவ்வூர்ச் சைனர் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார்கள். கல்லூரியாசிரியராயிருந்தும், சைவ ஆதீனத்தின் ஆதரவிற் கற்றிருந்தும், பிறசமயத்தார் முன் மாணவராதலை இழிவென்று கருதவில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887-ல் அந்நூலை வெளியிட்டபின்னும், பின்வந்த பதிப்புக்களில் திருத்தங்கள் செய்தார்கள்.

ஈண்டு ஒரு தடை நிகழும். அறியேன் என்றல் கல்லாதானுக்கும் எளிதன்றோ, அவனும் வல்லுநனாவனோ எனின், ஆகான். கல்லாதான் தான் எதனை அறியான் என்பதையும் அறியான். வல்லுநனோ, இச்சொல்லின் பொருள் தெளிவு, இவ்வடியின் பாடம் ஐயம், இக்கருத்து இன்னாரிடம் கேட்டற்குரியது எனப் பிரித்துக் கூறுவான். அவ்வாறு பிரித்தற்கே ஆழ்ந்த கல்வி வேண்டும்.

அற்றேல், எப்பொழுதும் ஐயுறுபவனால் உலகிற்குப் பயன் யாதெனின், எல்லையறிதல் ஐயுறுதலன்று. நல்ல மருத்துவன் தான் தெளிந்த நோய்க்குத் தயங்காது மருந்தளிப்பான்; தன் அளவிற்கு மேற்பட்டதைக் காலந்தாழ்க்காது தக்காரிடம் அனுப்புவான். இவ்விரண்டும் ஓரறிவின் செயல்களே. தன் புகழ் குறையுமென்றஞ்சி எல்லா நோய்க்கும் மருந்து கூறுபவனால் நம்பிவந்தார் உயிர்க்கே கேடு விளையும். எனவே, எல்லையறிதல் அறிவின் பாற்பட்டதோடு அறத்தின் பாற்பட்டதுமாம்.

ஆதலின், ஒருவர் புலமையைத் தேர்ந்து தெளிய விரும்புவோர், "நீவிர் எவ்வளவு அறிவீர்?" என்பதோடு அமையாது, "உமது அறிவு எவ்விடத்தில் நிற்கின்றது?" என்றும் வினவுக. அதற்கு நாணாது நேரிய விடை தருபவரே துறைபோயவர் என்பது நமது துணிபு.