வராத அலை

எச்சரிக்கை வந்து அபாயம் வராமற் போனால், எச்சரித்தவரைக் குறை கூறுவது நியாயமா? கடை கண்ணி வைத்துப் பிழைக்கும் நாம் அவசியம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி, சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் பூகம்பம் உண்டாயிற்று. இந்து மகா சமுத்திரக் கரையெங்கும் சுனாமி எச்சரிக்கை விடப்பட்டது. பண்டா ஆச்சேயில் ஜனங்கள் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஓடியதால் வீதிகள் அடைபட்டன. சென்னையிலும் பினாங்கிலும் கடற்கரையை விட்டு மக்கள் அகற்றப்பட்டனர். எழுந்த அலையோ, அதிகம் எழுந்த இடத்திலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அன்றே எச்சரிக்கை நீக்கப்பட்டது.

காரணம் என்ன? அன்று பூமியின் பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்தன. கடலின் தரை அதிகம் மேலெழும்பவில்லை. தரை பெரிதாக மேலெழுந்தாலோ தாழ்ந்தாலோ பெருநீர் தள்ளப்பட்டுப் பேரலையாகும். பூகம்பத்தின் அளவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அலை எழுந்ததா என்பதைக் கடலிலுள்ள கருவிகள் பிறகுதான் சொல்லும். அதுவரை காத்திருந்தால் அருகிலுள்ள கரை அழிந்துவிடும். ஆகவே தெரிந்ததைக் கொண்டு முந்திச் சொல்வதே அதிகாரிகளின் கடமை.

இத்தகைய நாட்களுக்குப் பின், "வீண் அமளி, ஒரு நாள் வியாபாரம் போயிற்று" என்ற பேச்சு எழுவது வழக்கம். போனது ஒரு நாள் வியாபாரம். எச்சரிக்கை இல்லாத நாளில் போனது என்ன? 2004 டிசம்பர் 26ஆம் தேதி, பூகம்பத்துக்கும் நாகப்பட்டினத்தில் அலை புகுந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பினாங்குக்கு அதனினும் அதிக அவகாசம் இருந்தது. ஆயினும் சொல்வார் இல்லை. மலேசியாவில் 68 பேரும், தமிழகக் கரையில் ஆயிரக்கணக்கானோரும் மாண்டனர்.

தாய்லாந்தில் சொல்பவர் ஒருவர் இருந்தார். வானிலைத் துறையின் முன்னாள் தலைவர் ஸ்மித் தர்மசரோஜா 1998இலேயே சுனாமி வரக்கூடும் என்று எச்சரித்தார். சுற்றுலாத் தொழிலைக் கெடுக்கிறார் என்று அவர்மீது பழி விழுந்தது. 2004இல் அந்நாட்டில் ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்ட பின்னரே, எச்சரிக்கைப் பணிக்கு அவரை அரசு அழைத்தது. வியாபாரத்தைக் காப்பதாக எண்ணி எச்சரித்தவரின் வாயை அடைப்பது, வியாபாரத்துக்கே கேடு அன்றோ?

எனினும் எல்லாக் கூக்குரலையும் நம்பவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதே 2004 டிசம்பர் 30ஆம் தேதி, இன்னொரு பூகம்பம் வரப்போகிறது என்ற தனியார் ஊகத்தை ஒட்டி இந்தியாவில் எச்சரிக்கை விடப்பட, துக்கத்திலிருந்த ஜனங்கள் மீண்டும் ஓடினர். பூகம்பம் வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. நடந்துவிட்ட பூகம்பத்தை அளந்து சொல்வது எச்சரிக்கை. வரப்போவதாக நாள் குறிப்பது வதந்தி. இவ்விரண்டையும் பிரித்தறியாதவரே, முதலில் எதையும் நம்பி, பிறகு எதையும் நம்பாமற் போகிறார்.

சுமத்ராவை அடுத்த சிமெலுவே தீவினர் 1907இல் ஒரு பேரலையைக் கண்டவர்கள். "நிலம் வலுவாக ஆடினால், கடல் உள்வாங்கினால், குன்றுக்கு ஓடு" என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். அந்த அலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மோங்'. 97 ஆண்டுகள் கழித்து, எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த அத்தீவில் மாண்டவர் ஏழு பேரே என்று கணக்கிட்டனர்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. தன் உயிரையும் தன் சரக்கையும் ஒருவர் பணயம் வைக்கலாம். அது அவர் மடமை. ஆனால் சம்பளத்துக்கு நிற்கும் சிப்பந்தி, "முதலாளி, கடையைச் சாத்தட்டுமா?" என்று கேட்கும்போது, "ஒன்றும் வராது, இரு" என்று சொல்ல எவருக்கு உரிமை? அவன் உயிர் நம் முதலில் சேர்ந்ததல்ல. ஊரில் அவனுக்குத் தாயும் மனைவி மக்களும் இருக்கிறார்கள்.

தீப்பிடிக்காத ஆண்டில் கட்டிய இன்ஷூரன்ஸ் பணத்தை நாம் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. அலை வராத நாளில் சாத்திய கடையையும் அவ்வாறே எழுதுவோம். சொன்னவரை ஏசாமல், அடுத்த முறையும் அஞ்சாது சொல்ல அவருக்கு இடம் வைப்போம்.