திரைக்கு இந்தப் பக்கம்

எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு மாமி இருந்தார். 1990இல் சந்தைக்குப் போன அவருடைய மகன் திரும்பி வரவேயில்லை. பொழுதுபடும் நேரம் வாவியைப் பார்த்தபடி வாசற்படியில் இருப்பார். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு சிறுகதை எழுதினேன். இருள் கவியக் கவிய அந்தத் தாயின் மனதில் மகனின் பிள்ளைப் பருவம் எழுந்து வருவதாக நாலு பக்கம். அச்சுக்கு அனுப்புமுன் அவருக்கு வாசித்துக் காட்டுவது முறையென்று பட்டது. முழுவதும் கேட்டுவிட்டு மாமி சொன்னார்: “பொழுதுபட்டா நான் கோழி அடையுதா எண்டுதான் பாக்கிறன் மனே. அவன நினைக்கிறது விடியச்சாமத்தில. அது உனக்கு என்னெண்டு தெரியும்?”

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

மட்டக்களப்பின் படுவான்கரைப் பள்ளிக்கூடங்களில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தவள் நான். ‘எல்லாம் அறிந்த கதைசொல்லி’ என்று கரும்பலகையில் எழுதி, அது ஓர் உத்தி என்று விளக்கியிருக்கிறேன். அந்த உத்திக்குள் ஒரு சமயக் கேள்வி கிடப்பதை மாமிதான் காட்டினார். முற்றும் உணர்தல் இறைவனுடைய எண்குணங்களில் ஒன்று என்கிறது சைவம். உயிருக்கு உள்ளது சிற்றறிவு. அறிவித்தால் அறியும், தானாக அறியாது. உள்ளங்களில் இருப்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான் என்று காத்தான்குடியிலிருந்து வந்து எங்களோடு படிப்பித்த ஆசிரியை அடிக்கடி சொல்வார். அப்படியிருக்க, பேனையைக் கையில் எடுத்தவுடன் இன்னொருவர் நெஞ்சுக்குள் நுழைந்து பார்க்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியோடு புதுமைப்பித்தனின் கதைகளுக்குத் திரும்பப் போனேன். ‘செல்லம்மாள்’ என்ற கதை அந்தப் பெண்ணின் உயிர் பிரிவதில் தொடங்குகிறது. பிறகு பின்னோக்கிப் போய், சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை நோயாளி மனைவியைப் பார்த்துக்கொண்ட நாட்களைச் சொல்கிறது. சமைக்கிறார், மருந்து கொடுக்கிறார், கடைக்கு ஓடுகிறார், திரும்பி ஓடி வருகிறார். நாம் பெரும்பாலும் அவர் கூடவேதான் நடக்கிறோம். செல்லம்மாள் பேசுவதும் பிதற்றுவதும் கேட்கிறது; அவளுக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரிகிறது. இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனுஷிக்கு அருகில் இருந்தும் அந்தக் கடைசித் தூரத்தை அவரால் கடக்க முடியவில்லை. எழுத்தாளர் நினைத்திருந்தால் கடந்திருக்கலாம். கடக்காமல் நின்றார்.

கதிர்காமத்தில் திரைக்குத்தான் பூசை. உள்ளே இருப்பதை நாம் காண்பதில்லை. எங்கள் மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே பூசகரான கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்கிறார். சின்ன வயதில் அது எனக்குக் குறையாகத் தெரிந்தது. ‘செல்லம்மாளை’ மறுபடி வாசித்தபோது, திரையை விலக்காமல் நிற்பதே வழிபாடாக இருக்க முடியும் என்று பிடிபட்டது.

ஆனால் அதே புதுமைப்பித்தன்தான் ‘சாபவிமோசன’த்தில் திரையை விலக்கி அகலிகையின் நெஞ்சுக்குள் போகிறார். இரண்டும் 1943ஆம் ஆண்டுக் கதைகள். கல் பெண்ணான பிறகு அவள் படும் பாடு அதில் வருகிறது: யார் எதைச் சொன்னாலும் அதற்குள் வேறோர் அர்த்தம் ஒளிந்திருப்பதாக நடுங்குகிறாள். இது எப்படி நியாயமாகும் என்று நெடுநாள் யோசித்தேன். என் விடை இதுதான். அகலிகையை எல்லோரும் வெளியில் நின்றே பார்த்தார்கள். முனிவன் சபித்தான், தேவன் ஏமாற்றினான், அவதார புருஷன் மன்னித்தான். அவளைக் கேட்டவர் இல்லை. தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட ஒருத்தியின் நெஞ்சுக்குள் போவது, அவளுடைய வழக்கைக் கேட்கப் போவது. எங்கள் கரையோரக் கண்ணகி கோயில்களில் வைகாசியில் அவளுடைய கதையான வழக்குரை படிக்கிறார்கள். மதுரையை எரித்தவளுக்கு அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. வழக்கைக் கேட்டு முடித்து, அவள் கோபம் தணியக் குளிர்த்தி செய்கிறார்கள்.

‘சாபவிமோசன’த்தின் முடிவையும் பாருங்கள். இராமன் தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சீதை சொல்லக் கேட்ட அகலிகை, கணவன் கோதமன் தழுவ வரும்போது இந்திரனே மறுபடி வருவதாக உணர்ந்து கல்லாகிறாள். அதன் பிறகு கல்லுக்குள் என்ன என்று புதுமைப்பித்தன் நீட்டி எழுதவில்லை. பார்வை சட்டென்று விலகிவிடுகிறது. தூரத்தில், பனிவெளியில், ஒற்றை மனித உருவம் விரைந்து போவது மட்டும் தெரிகிறது. விலக்கிய திரையை அவரே இழுத்து மூடிவிட்டார்.

நான் மாமியின் வழக்கைக் கேட்கப் போகவில்லை. கேட்காமலே எழுதினேன். அது பிழை.

அந்த நாலு பக்கத்தையும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. மறுபடி எழுதிய கதையில் ஒரு வாசற்படி, வாவி, அடையப் போகும் ஏழு கோழிகள், அவற்றை எண்ணும் ஒரு தாய். விடியச்சாமம் அதில் இல்லை.