இறைவனின் ஊழியர் யாருக்குக் கணக்குச் சொல்வது?

தம்மை இறைவனின் ஊழியர் என்று கருதி ஓர் அமைப்பை நடத்துகிறவர், மனிதர்களுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவரா என்பது சமயச் சிந்தனைக்கும் ஆட்சிமுறைக்கும் பொதுவான பழைய கேள்வியாகும். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஏழுநிலைக் கோபுரத்துடன் நிற்கும் பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாக வரலாறு இக்கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அக்கோயிலை ஆண்டது 'எட்டரயோகம்' எனப்பட்ட சபையாகும். அதில் உறுப்பினர் எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு வாக்கும் அரசருக்கு அரை வாக்கும் இருந்தன என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. அந்தச் சபையின் வலிமையை ஒடுக்கிய திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா, 1750 ஜனவரியில் தம் நாட்டையே பத்மநாபருக்குக் காணிக்கையாக்கி, இனித் தாமும் தம் வழித்தோன்றல்களும் 'பத்மநாபதாசர்' என்ற நிலையில் ஆள்வதாக அறிவித்தார். திருப்படிதானம் எனப்படும் இச்செயல் பணிவின் உச்சமாகவே போற்றப்படுகிறது. எனினும் அரை வாக்குக்கு உரியவராக இருந்தவர், இறைவனுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டிய தனி ஊழியராக உயர்ந்ததும் அதனால்தான். நாள்தோறும் சன்னதிக்குச் செல்லத் தவறினால் அரசர் தண்டம் கட்டும் வழக்கம் இருந்தது என்பதும், கோயிலின் நடப்புகள் மதிலகம் ஆவணங்கள் எனப்படும் பனையோலைகளில் எழுதிக் காக்கப்பட்டன என்பதும் அந்த ஊழியம் வெறும் பட்டமாக இருக்கவில்லை என்று காட்டுகின்றன. ஆனால் தண்டம் விதிக்கும் இடத்தில் அரசரைக் கேட்கவல்ல வேறொருவர் இல்லை. அவரது மனச்சாட்சியே கேள்வியும் பதிலுமாக நின்றது.

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையும், அதையொட்டிய 1950ஆம் ஆண்டின் இந்து சமய நிறுவனங்கள் சட்டமும், இக்கோயிலின் நிர்வாகத்தைத் 'திருவிதாங்கூர் ஆட்சியாளரின்' மேற்பார்வையில் அவர் நியமிக்கும் செயல் அலுவலரிடம் ஒப்படைத்தன. கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் 1991இல் மறைந்த பின், அந்தச் சொல் இனி யாரைக் குறிக்கும் என்ற வழக்கு எழுந்தது. அரசே ஓர் அமைப்பை உண்டாக்கிக் கோயிலை ஏற்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 'ஷெபாயத்' உரிமை, அதாவது தெய்வத்தின் சொத்தைப் பேணி வழிபாட்டை நடத்தும் உரிமையும் கடமையும், மன்னரின் மறைவோடு முடிவதில்லை, அது குடும்பத்தின் வாரிசுமுறைப்படி தொடரும் என்று கூறியது. ஆயினும் அன்றாட நிர்வாகம், திருவனந்தபுரம் மாவட்ட நீதிபதியின் தலைமையில் மாநில அரசு, மத்திய அரசு, அரச குடும்பம் ஆகியவற்றின் பிரதிநிதிகளும், சடங்குகளில் முடிவு சொல்லும் மூத்த குருவான தலைமைத் தந்திரியும் அமரும் குழுவிடம் சென்றது. குடும்பம் நிறுவிய அறக்கட்டளை தணிக்கையிலிருந்து விலக்குக் கேட்டபோது, 2021 செப்டம்பரில் அதுவும் மறுக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டுக்கு அடியில் ஒரு மெய்யியல் கருத்து இருக்கிறது. இந்தியச் சட்டம் கோயில் மூர்த்தியைச் சொத்துரிமை கொள்ளவல்ல ஒரு நபராக ஏற்கிறது. ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத நிலையில், மைனருக்கு ஒப்பானவராகக் கருதி, அவர் சார்பில் பேச ஒருவரை வைக்கிறது. எல்லாம் அறிந்தவர் என்று பக்தர் நம்பும் இறைவனே பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்பதால்தான், அவர் பெயரில் செலவிடுகிறவர் மனிதர் முன் கணக்கை வைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தணிக்கை பக்தியின் மீதான ஐயமாகாது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியம் எனப்பட்ட ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று விலக்கியது. தெய்வ பக்திக்குக் குறைவில்லாத ஊர்தான் அதையும் விதித்தது.

கணக்குக் கேட்கும் அமைப்புக்கும் எல்லை உண்டு என்பதை 2016ஆம் ஆண்டின் நிகழ்வு உணர்த்துகிறது. சுடிதார் அணிந்த பெண்கள் அதன்மேல் ஒரு முண்டு (வேட்டி) சுற்றிக்கொண்டே உள்ளே செல்ல வேண்டும் என்பது அக்கோயிலின் வழக்கம். உயர் நீதிமன்றம் முடிவெடுக்கச் சொன்னதன்பேரில், செயல் அலுவலர் அந்த நவம்பர் இறுதியில் சுடிதாரோடு நுழையலாம் என்று ஆணையிட்டார். வாசலில் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே அதே நீதிமன்றம், ஆசாரத்தை மாற்றும் அதிகாரம் அலுவலருக்கு இல்லை, இதில் தந்திரியின் கருத்தே முடிவானது என்று ஆணையை விலக்கியது. சடங்கைச் சமயமே முடிவுசெய்யும், சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம் என்று 1954இல் ஷிரூர் மடம் வழக்கில் வகுக்கப்பட்ட பிரிவினை இங்கே ஒரு முண்டின் வடிவில் நேருக்கு நேர் வந்தது. ஆணை நல்லதா கெட்டதா என்பது நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்வியன்று. அதைப் பிறப்பிக்க அவருக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. விதி செய்கிறவர் அந்த உரிமை தமக்கு எங்கிருந்து கிடைத்தது என்று காட்டக் கடமைப்பட்டவர் என்பது, வரவுசெலவைக் காட்டுவதைவிட முந்திய பொறுப்பாகும்.

எனினும் இந்தப் பிரிவினை ஒரு கேள்வியை விட்டுவைக்கிறது. அலுவலரிடம் காரணம் கேட்கலாம் என்றால், தந்திரியிடம் கேட்கலாகாதா? ஆகமமும் மரபும் தந்திரியைக் கட்டுப்படுத்துகின்றன என்பது உண்மையே. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டின் பொருளைச் சொல்பவரும் அவரே எனும்போது, மார்த்தாண்ட வர்மாவுக்கு இருந்த தனிமையே அவருக்கும் வாய்க்கிறது. இதற்கு அரசு அலுவலரைத் தந்திரியின் இருக்கையில் அமர்த்துவது தீர்வாகாது. இறைவன் பெயரால் வாக்குச் சொல்கிறவர், அந்த வாக்கின் காரணத்தை வழிபடுவோர் அறியும்படி சொல்வதே போதும். அப்படிச் சொல்வதால் ஆசாரம் தாழ்வதில்லை, சொல்லாமல் விடும்போதுதான் அது ஒருவரின் விருப்பமாகச் சுருங்குகிறது.