யாருக்காகச் சமைக்கிறோம்?

எம்மவர் இல்லங்களில் விருந்து தொடங்கும்போது வழக்கமாகப் பரிமாறப்படும் இரண்டு வாசகங்கள் உண்டு. மேசையில் பதினொரு கறிகள் பரப்பப்பட்டிருக்கும். கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பயிற்றங்காய்ப் பால்கறி, மாங்காய்ச் சம்பல், அப்பளம், மோர்மிளகாய், வடை, பாயசம் என்று இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நிற்கும். வீட்டுக்கார அம்மா கையைத் துடைத்தபடி வந்து, "ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை, சாதாரணச் சாப்பாடுதான்" என்பார். வந்தவர்கள் உடனே, "ஐயோ, ஏன் இவ்வளவு பாடுபட்டனீங்கள்?" என்பார்கள். இரண்டும் முழு உண்மையல்ல என்பது இரு பகுதியினருக்கும் தெரியும். சனிக்கிழமை விருந்துக்குப் புதன்கிழமையே வெங்காயம் உரிக்கத் தொடங்கியாயிற்று. அந்தப் பாடு கண்ணிற்படாமற் போயிருந்தால் வீட்டுக்காரருக்கு மனம் வாடியிருக்கும்.

இதை ஒரு பெரிய குற்றமாக நாம் கருதவில்லை. ஆனாலும் இதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வந்தவர் மகிழ வேண்டும் என்று சமைப்பதும், வந்தவர் எம்மை மெச்ச வேண்டும் என்று சமைப்பதும் ஒன்றா? ஒன்றல்ல என்றால் அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது? சட்டியிலா, மனத்திலா?

எளிமையாகச் சமைத்தால் அன்பு, விரிவாகச் சமைத்தால் ஆடம்பரம் என்று சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். எமது சமயம் அப்படிச் சொல்லவில்லை. இளையான்குடி மாற நாயனாரின் வரலாற்றை நாம் எல்லோரும் அறிவோம். வறுமை வந்து, வீட்டில் எதுவும் இல்லாத ஒரு மழை இரவில் அடியார் ஒருவர் வருகிறார். பகலில் விதைத்த நெல்லை இருட்டில் தடவி வாரிக்கொண்டு வருகிறார் நாயனார். கூரையின் வரிச்சை அறுத்து விறகாக்குகிறார். குழியில் முளைத்திருந்த கீரையைப் பறித்துக் கொடுக்கிறார். இவ்வளவும் பிரசங்கங்களில் கேட்டதுதான். சேக்கிழார் சொல்லும் இன்னொரு சிறு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. அந்த அம்மையார் கையிற் கிடைத்த கீரையை ஒரே கறியாக ஆக்கி இறக்கிவிடவில்லை. தமது கைத்திறத்தால் அதை வேறு வேறு கறிகளாகச் சமைத்தார். அப்படிச் சமைத்த பின்னும், வசதியாக இருந்த பழைய நாட்களை நினைந்து குறைபட்டுக்கொண்டார்.

நாளைக்கு விதை நெல்லே இல்லை என்ற நிலையிலும் நாலு விதமாகக் கறி வைக்க வேண்டும், இன்னும் சிறப்பாகச் செய்ய முடியவில்லையே என்று ஒரு மனம் ஏங்குகிறது. இதை யாராவது படாடோபம் என்று சொல்வார்களா? ஆகவே கறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு எதையும் முடிவுகட்ட முடியாது. நன்றாகச் செய்ய வேண்டும் என்ற தவிப்பும் குற்றமன்று.

அதைவிட, எமது குடும்பங்களின் நிலைமையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஊரிலே ஆசிரியையாக இருந்தவர், ஊர் முழுவதும் "ரீச்சர்" என்று எழுந்து நின்று மதித்தவர், இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். அவருடைய கல்வியை இந்த நாட்டில் யாரும் கேட்கவில்லை. அவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டுப் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். வாரம் முழுவதும் யாரோ ஒருவருக்குக் கீழே நின்று வேலை செய்யும் ஒருவருக்கு, "உங்கட கைப் பக்குவம் வேறை ஆருக்கும் வராது" என்று ஒருவர் சொல்லும் அந்த ஒரு மாலைப்பொழுது எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் எதிர்பார்ப்பது புகழ்ச்சியன்று, தாம் இழந்த மதிப்பில் ஒரு சிறு பங்கு. அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள்தாம் ஆடம்பரம், பகட்டு என்று எளிதாகப் பேசிவிடுவார்கள்.

பிறகு தவறு எங்கே நுழைகிறது? ஒரு சிறு சோதனை வைத்துப் பார்க்கலாம். வருகிறவர் யார் என்பதைப் பார்த்துச் சமையல் எவ்வளவு மாறுகிறது? வைத்தியர் குடும்பம் வருகிறது என்றால் பதினொரு கறி. நேற்று வந்திறங்கிய, அறை ஒன்றில் நாலு பேரோடு தங்கியிருக்கும் தூரத்து உறவுப் பெடியன் வருகிறான் என்றால் குளிர்பெட்டியிலிருந்த பழைய கறி சூடேறும். நல்ல சாப்பாட்டுக்கு ஏங்கிக் கிடப்பவன் இந்தப் பெடியன்தான். வைத்தியருக்கோ இனிப்பும் கொழுப்பும் கூடாது. பசிக்கு நேர்மாறாகக் கறிகள் கூடிக் குறையுமானால், அந்தச் சமையல் வந்தவரை நோக்கிச் செய்யப்படவில்லை என்பது தெளிவு.

மகாபாரதத்தில் உத்தியோக பருவத்தில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் வருகிறது. பாண்டவர்களுக்காகத் தூது செல்லும் கண்ணனை வரவேற்க, வழியெல்லாம் மண்டபங்கள் அமைத்து உணவும் பானமும் ஆயத்தம் செய்கிறான் துரியோதனன். கண்ணன் அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து செல்கிறார். அரண்மனையில் விருந்துக்கு அழைத்தபோதும் மறுக்கிறார். காரணம் கேட்டபோது அவர் சொன்ன விடை நேரானது. ஒருவர் வீட்டு உணவை மற்றவர் உண்பதற்கு இரண்டு காரணங்கள்தாம் உண்டு. ஒன்று, இட்டவரிடம் அன்பு இருக்க வேண்டும். அல்லது, உண்பவர் இடுக்கணில் இருக்க வேண்டும். உன்னிடம் அன்பில்லை, நானும் இடுக்கணில் இல்லை என்று கூறிவிட்டு விதுரர் வீட்டுக்குச் சென்று உண்டார்.

துரியோதனனின் சமையற்காரர் மோசமாகச் சமைத்தார் என்று பாரதம் சொல்லவில்லை. அந்த உணவு வந்தவரைக் கட்டிப்போடுவதற்காக ஆக்கப்பட்ட உணவு என்பதே அதிலுள்ள குறை. எமது விருந்துகளில் இராச்சியம் எதுவும் பந்தயத்தில் இல்லை. ஆனாலும் கட்டிப்போடும் அந்தக் கயிறு மெல்லியதாக இங்கேயும் ஓடுகிறது. பதினொரு கறி சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும் தம்பதிகள் காரிலே என்ன பேசிக்கொள்கிறார்கள்? "நாங்களும் அவையளைக் கூப்பிட வேணும். அவை இவ்வளவு செய்திருக்கினம், நாங்கள் என்னத்தைச் செய்யிறது?" உண்ட உணவு கடனாகிவிடுகிறது. அடுத்த வீட்டில் பதின்மூன்று கறி. அதற்கு அடுத்த வீட்டில் கறியோடு றோல்ஸ், கட்லட், இரண்டு வகைப் பாயசம். இந்த நாட்களிலே முதற்கவளம் வாய்க்குப் போகுமுன் கைத்தொலைபேசியிற் படமும் பிடித்து, வராதவர்களுக்கும் அனுப்பியாகிவிடுகிறது.

இந்த ஓட்டத்தில் ஓட முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். நாம் கவலைப்படுவது இவர்களைப் பற்றித்தான். புதிதாக வந்து நிலக்கீழ் அறையில் குடியிருக்கும் குடும்பம், இரவு வேலைக்குப் போகும் தாய், மனைவியை இழந்து தானே சோறு வடிக்கப் பழகிக்கொண்டிருக்கும் முதியவர். இவர்களுக்கும் நாலு பேரை வீட்டுக்கு அழைக்க ஆசை உண்டு. "வீடு மாறினாப் பிறகு கூப்பிடுவம்" என்பார்கள். "நல்ல மேசை ஒண்டு வாங்கினாப் பிறகு" என்பார்கள். ஆண்டுகள் போகும். தாம் அழைக்க முடியாத வீடுகளுக்குப் போகவும் கூச்சம் வந்துவிடும். பிறகு கோயிலில் மட்டும் காணலாம், அதுவும் தூரத்தில். சமையல் இவ்வளவு உயர்ந்ததனால் வாசல்கள் பல அடைபட்டுப் போயின என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

"விருந்து" என்ற சொல்லே இதற்குச் சாட்சி. பழந்தமிழில் அதன் பொருள் புதுமை. புதிதாகப் புனையும் நூல்வகைக்குத் தொல்காப்பியம் இட்ட பெயரும் விருந்துதான். பின்பு அது புதிதாக வந்த மனிதரைக் குறித்தது. அதன் பின்னரே அவருக்கு இடும் உணவைக் குறித்தது. இன்றைக்கு "விருந்து எப்படி?" என்று கேட்டால் சாப்பாட்டைப் பற்றித்தான் விடை வரும், மனிதர் மறைந்துவிட்டார். மதுரையில் மாதரி வீட்டில் கோவலனுக்கு உணவிட்ட பின் கண்ணகி தன் பழைய துயரைச் சொல்கிறாள் அல்லவா? அவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேறு தனக்கு இல்லாமற் போயிற்று என்பதும் அதில் ஒன்று. புகாரில் அவள் வீட்டிலே நெல்லுக்கா பஞ்சம்? ஆட்கள் வரும் வாசல் இல்லாமற் போனதைத்தான் அவள் இழப்பாக எண்ணினாள்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஆக்கள் வருகினம், தொடாதே" என்று வடைத் தட்டை உயரத்தில் தூக்கி வைக்கிறோம். நல்ல கோப்பை, நல்ல வடை, நல்ல முகம் எல்லாம் வெளியாருக்கு என்ற பாடத்தை எமது பிள்ளைகள் தமிழ் எழுத்துப் படிக்குமுன்பே படித்துவிடுகிறார்கள். ஆட்கள் போன பிறகு அம்மா களைத்து விழுந்து எரிந்து பேசுவதையும் அவர்கள்தாம் பார்க்கிறார்கள். எமது கோயில் அன்னதானத்தில் இந்தத் தொல்லை இல்லை. சாம்பாரை யார் வைத்தது என்று பந்தியில் இருப்பவருக்குத் தெரியாது. உப்புக் கூடினால் யாருடைய மானமும் போவதில்லை. அங்கே பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இதுவரை அழைப்பவரையே பேசினோம். அழைக்கப்பட்டவருக்கும் ஒரு பங்கு உண்டு. திங்களூரில் அப்பூதியடிகள் வீட்டுக்கு அப்பர் சுவாமிகள் எழுந்தருளியபோது, குருத்து வாழையிலை அரியப் போன மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. அவன் இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டு விழுந்து இறந்தான். பெற்றோர் அந்த உடலை மறைத்து வைத்துவிட்டு அடியாரை உண்ண அழைத்தார்கள். வந்தவரிடமிருந்து ஒன்றை மறைப்பது அங்கேயும் நடந்தது. ஆனால் அவர்கள் மறைத்தது தங்கள் மதிப்புக்காக அன்று, வந்தவர் பசியோடு திரும்பிவிடக்கூடாது என்பதற்காக. அப்பர் இலையைப் பார்க்கவில்லை, கறிகளை எண்ணவில்லை. திருநீறு கொடுக்கும்போது ஓர் ஆள் குறைவதைக் கண்டு, மூத்த பிள்ளை எங்கே என்று கேட்டார். உண்மை தெரிந்தபின், பதிகம் பாடி அவனை எழுப்பிய பிறகே அவ்வீட்டில் அமுது செய்தார்.

எமது விருந்து மேசைகளிலும் அனேகமாக ஓர் ஆள் குறைவார். எல்லோரும் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, குசினியில் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்று, "சூட்டோடை சாப்பிடுங்கோ" என்று கடைசி வடைகளைப் பொரித்துக்கொண்டிருப்பார். வந்தவர்களில் ஒருவராவது எழுந்து போய், "அக்கா, நீங்கள் வந்து இருந்தால்தான் நாங்கள் தொடங்குவம்" என்று கூப்பிடலாம். வடை ஆறினால் ஆறட்டும்.