காளத்தியில் கூடிய நாயகர்கள்

தனியாக நிற்கும்போது ஒவ்வொரு நாயகனும் முழுமையானவன். அவன் பக்கத்தில் இன்னொரு முழுமையானவன் வந்து நின்றதும் இருவரில் ஒருவர் சிறுத்துப்போகிறார். சில சமயம் இருவருமே. அயர்ன் மேன், தோர், கேப்டன் அமெரிக்கா எல்லோரையும் ஒரே திரையில் நிறுத்திய 'அவெஞ்சர்ஸ்' (2012) படத்துக்கு முன் இருந்த சிக்கல் இதுதான். பல தெய்வங்களை, பல வழிபாடுகளைக் கொண்ட சமயத்துக்கும் இதே சிக்கல் பழையது. இரண்டு பேரும் உயர்ந்தவர்கள் என்றால் யார் பெரியவர்? ஒருவரது வழி சரியென்றால் மற்றவரது வழி என்ன ஆகும்? திருமலையும் திருக்காளத்தியும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகளை வைத்திருக்கின்றன.

திருமலையின் விடை, இருவரையும் ஒன்றாக்கிவிடுவது. மூன்றாம் திருவந்தாதியில் பேயாழ்வார் சிவனுக்குரிய அடையாளங்களையும் திருமாலுக்குரிய அடையாளங்களையும் வேங்கடத்துப் பெருமானின் ஒரே திருமேனியில் காண்கிறார். மகிஷனை அழிக்கத் தேவர்கள் எல்லோரின் ஒளியும் திரண்டு ஒரு தேவியாக எழுந்தது என்று தேவி மாகாத்மியம் சொல்வதும் இந்த வகைதான். தரிசனம் என்ற அளவில் இதற்கு மேல் ஒன்றில்லை. ஆனால் கதை இங்கே நின்றுவிடுகிறது. ஓருருவாகிவிட்டவர்களுக்குள் பேச்சு கிடையாது, பிணக்கு கிடையாது, ஒருவரைப் பார்த்து மற்றவர் வியக்கவும் வழியில்லை.

காளத்தி எவரையும் ஒன்றாக்கவில்லை. முன்பு சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் உள்ள இந்த ஊரின் பெயரே மூன்று நாயகர்களின் கூட்டு. ஸ்ரீ என்பது சிலந்தி, காளம் என்பது பாம்பு, ஹஸ்தி என்பது யானை. கருவறையிலுள்ள வாயுலிங்கத்தின் அடியில் சிலந்தியையும், இரு தந்தங்களையும், உச்சியில் நாகப்படத்தையும் அடியார்கள் அடையாளம் காண்கிறார்கள். காற்றுப் புக வழியில்லாத அந்த அறையில் ஒரு விளக்கின் சுடர் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். காற்றே அங்கு லிங்கமாக இருப்பதற்கு அதுவே சான்று என்பது நம்பிக்கை.

தலபுராணம் முதலில் மூவரையும் தனித்தனியே காட்டுகிறது. சிலந்தி தன் உடம்பிலிருந்து நூலெடுத்து இறைவனுக்குக் கோயில் கட்டுகிறது. பாம்பு மணிகளைக் கொண்டுவந்து வைக்கிறது. யானை துதிக்கையில் நீர் முகந்து வந்து நீராட்டி, பூவும் வில்வமும் சாத்துகிறது. கிருஷ்ணதேவராயர் காலத்துத் தெலுங்குக் கவி தூர்ஜடி இவர்கள் கதையை 'ஸ்ரீகாளஹஸ்தி மாகாத்மியமு' என்ற காவியமாகவே பாடினார். ஒவ்வொரு பக்தியும் கேட்பவர் மனத்தில் வேர்பிடித்த பிறகுதான் மோதல் வருகிறது. இந்த வரிசை முக்கியமானது. மார்வெல் நிறுவனம் 2008இல் அயர்ன் மேனையும், 2011இல் தோரையும் கேப்டன் அமெரிக்காவையும் தனித்தனிப் படங்களில் அறிமுகம் செய்துவிட்டுத்தான் கூட்டுப்படத்துக்கு வந்தது. 2017இன் 'ஜஸ்டிஸ் லீக்', ஃபிளாஷுக்கும் சைபார்குக்கும் தனிப்படம் எதுவும் இல்லாத நிலையிலேயே கூட்டத்தைக் கூட்டியது. அவர்கள் எதை இழக்கப்போகிறார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாதபோது அவர்களின் வீரம் வெறும் வேகமாகவே தெரிகிறது.

மோதலுக்கு வருவோம். காலையில் வரும் யானைக்குப் பாம்பு வைத்த மணிகள் கற்குப்பை. தள்ளிவிட்டுத் தன் பூவைச் சாத்துகிறது. திரும்பி வரும் பாம்புக்கு அந்தப் பூவும் இலையும் குப்பை. ஒருவர் பூசையே மற்றவருக்கு அபசாரம். இதில் கெட்டவர் யாருமில்லை. இருவரும் இறைவனுக்காகத்தான் கோபப்படுகிறார்கள். அன்பு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு பகை. கடைசியில் பாம்பு துதிக்கைக்குள் புகுந்துவிட, வலி தாங்காமல் யானை தலையை மோதிக்கொள்ள, இரண்டும் மாள்கின்றன. (திருவானைக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு, அங்கே யானையோடு மோதுவது சிலந்தி, அதுவே மறுபிறவியில் கோச்செங்கட் சோழன்.)

நாயகர்கள் சேர்வதற்கு முன் ஏன் சண்டையிட வேண்டும் என்பதற்கும் இங்கேயே காரணம் கிடைக்கிறது. 'அவெஞ்சர்ஸ்' படத்தில் இரவுக் காட்டுக்குள் தோரும் அயர்ன் மேனும் மோதுகிறார்கள். தடுக்க வரும் கேப்டனின் கேடயத்தில் தோரின் சுத்தியல் விழுந்த அதிர்ச்சியில் சுற்றிலும் மரங்கள் சாய்கின்றன. ராஜமௌலியின் 'ஆர்.ஆர்.ஆர்.' (2022) நிஜத்தில் சந்தித்ததாகச் சான்றில்லாத அல்லூரி சீதாராம ராஜுவையும் கொமரம் பீமையும் நெருப்பாகவும் நீராகவும் மோதவிடுகிறது. ரசிகர்களுக்காகச் சேர்த்த சண்டைக்காட்சிகள் என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. இருவரும் தத்தம் கடமையை விட்டுக்கொடுக்காதவர்கள் என்பதற்கு அந்த மோதல்தான் அத்தாட்சி. எளிதில் ஒத்துப்போகிறவர்கள் சேர்ந்தால் அது கூட்டம், அவ்வளவுதான்.

ஆனாலும் யானைக்கும் பாம்புக்கும் கடைசிவரை ஒருவரையொருவர் தெரியாது. அவர்களைச் சேர்த்தது இறைவனின் அருளும் ஊரின் பெயரும். உயிரோடு இருக்கும்போதே இரண்டு வழிகள் சந்திக்க முடியுமா என்ற கேள்விக்குக் காளத்தி கண்ணப்பர் கதையில் பதில் சொல்கிறது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் இதை விரித்துரைத்தார்.

உடுப்பூர் வேடர் தலைவன் மகன் திண்ணன் பொன்முகலி ஆற்று நீரை வாயில் முகந்து வந்து நீராட்டுகிறான். தலையில் செருகி வந்த பூவைச் சூட்டுகிறான். லிங்கத்தின் மேல் கிடக்கும் இலையைச் செருப்புக் காலால் விலக்கி, சுட்டு மென்று பதம் பார்த்த இறைச்சியைப் படைக்கிறான். மறுநாள் வரும் அந்தணர் சிவகோசரியார் எலும்பையும் இறைச்சியையும் கண்டு பதறி, கூட்டித் துடைத்து, ஆகம முறைப்படி மீண்டும் பூசை செய்கிறார். பகலில் ஒருவர், இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நிற்பவர் இன்னொருவர். யானையும் பாம்பும் இங்கே மனிதர்களாகியிருக்கின்றன.

இறைவன் இந்த வழக்கைத் தீர்க்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. சிவகோசரியார் கனவில் வந்து, 'உன் பூசை தவறு' என்று அவர் சொல்லவில்லை. 'அவனைத் தடு' என்றும் சொல்லவில்லை. நாளை ஒளிந்திருந்து பார் என்கிறார். ஆறாம் நாள் லிங்கத்தின் வலக்கண்ணில் ரத்தம். திண்ணன் பச்சிலை தேடி ஓடுகிறான், பிழிந்து பார்க்கிறான், நிற்கவில்லை. அம்பால் தன் கண்ணை அகழ்ந்து அப்புகிறான், ரத்தம் நிற்கிறது. உடனே இடக்கண்ணில் ரத்தம். இரண்டாவது கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று இறைவன் கண்மேல் காலை ஊன்றிக்கொள்கிறான். செருப்பணிந்த அதே கால். மறைவிலிருந்து சிவகோசரியார் பார்த்துக்கொண்டிருக்கிறார். இறைவனின் கை வந்து, 'கண்ணப்பா' என்று பெயர் சொல்லி மூன்று முறை தடுக்கிறது.

சிவகோசரியார் அங்கே இல்லையென்றால் கண்ணப்பர் காட்டில் யாரும் அறியாமல் கண்ணிழந்த ஒரு வேடர். சுத்தம் தவிர வேறெதையும் ஏற்காத ஒரு கண் பார்த்ததால்தான் அந்தக் காலின் பெருமை துலங்குகிறது. பார்த்ததால் சிவகோசரியாரும் சிறுக்கவில்லை. மறைந்திருந்து கண்டு மனம் மாறத் தெரிந்தவர் அவர். பல நாயகர்கள் ஒரு கதைக்குள் வெற்றியோடு நிற்பதற்கு வேண்டியது இதுவே: ஒருவரின் உயரத்தை இன்னொருவர் கண்வழியே காட்டுவது. வில்லன் எவ்வளவு பெரியவன், நகரம் எவ்வளவு இடிந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கண்ணப்பரைத் திரையும் விடவில்லை. 1954இல் கன்னடத்தில் 'பேடர கண்ணப்பா' ராஜ்குமாரை நாயகனாக்கியது. 1976இல் பாப்பு இயக்கிய 'பக்த கண்ணப்பா'வில் கிருஷ்ணம் ராஜு நடித்தார். 2025 ஜூனில் வந்த 'கண்ணப்பா', விஷ்ணு மஞ்சுவைச் சுற்றி மோகன்லால், அக்‌ஷய் குமார், மோகன்பாபு, சரத்குமார் என்று பெரிய நட்சத்திரங்களை நிறுத்தியது. ருத்ரனாகப் பிரபாஸ் வந்தார். பிரபாஸ் கிருஷ்ணம் ராஜுவின் தம்பி மகன் என்பது தெலுங்கு ரசிகருக்குத் தெரியும். அவர் திரையில் தோன்றியதும் எழும் கரவொலியில் பழைய கண்ணப்பாவின் நினைவும் கலந்திருக்கும். நட்சத்திரங்களைக் கூட்டுவதால் வரும் உண்மையான லாபம் இந்த நினைவுதான். ஆனால் அது வாசல்வரைதான் கொண்டுவந்து விடும். அம்பு கண்ணருகே போகும் நேரத்தில் அரங்கம் அமைதியாவதற்கு எத்தனை பேர் நடித்தார்கள் என்பது பொருட்டில்லை. பழைய நாடகமேடை போலிருந்தாலும் போதும், வேடனும் அந்தணரும் இருந்தால் சரி.

காளத்திக் கோயிலில் இன்றும் பூசை ஆகம முறைப்படிதான் நடக்கிறது. யாரும் இறைச்சி படைப்பதில்லை. மகாசிவராத்திரி பிரம்மோற்சவம் வரும்போது மட்டும் கொடி முதலில் சுவாமி சன்னதியில் ஏறுவதில்லை. அர்ச்சகர்கள் மலைமேல் உள்ள கண்ணப்பர் கோயிலுக்குப் படியேறிப்போய், மந்திரம் சொல்லி, அங்கே கொடியேற்றுகிறார்கள். இறைவனின் கொடியேற்றம் அடுத்த நாள்.