பங்களாவும் லயமும்

அப்புத்தளை அடிஷாம் பங்களாவுக்கு என் மாணவரை அழைத்துச் சென்றிருந்தேன். தோமஸ் வில்லியர்ஸ் துரை 1931இல் கட்டிய கருங்கல் வீடு; இன்று பெனடிக்ட் துறவியரின் மடம். துரையின் வரவேற்பறையும் நூலகமும் பேணப்படுகின்றன.

"எங்க லயத்தையும் இப்படி வைப்பாங்களா சேர்?" என்றாள் ஒரு சிறுமி.

கம்பளைக்கருகே பழைய லயமொன்று 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையானதைச் சொன்னேன்.

"அங்க யாரும் குடியிருக்காங்களா?"

"இல்லை."

"அப்பச் சரி."

அவள் சொன்னதே நியாயம். ஆள் வாழும் லயத்தைச் சரித்திரமென்று போற்றலாகாது; முதலில் நல்ல வீடு வேண்டும். பிறகு லயங்களையெல்லாம் இடித்துவிட்டால், துரையின் வீடு மட்டுமே சாட்சியாக மிஞ்சும். ஒரு காம்பராவாவது நிற்கட்டும் என்பேன். ஆனால், கடைவீதியில் வளர்ந்த நான் அதைச் சொல்லலாமா? அந்தக் கூரை ஒழுக்கில் நனைந்தவர்களே தீர்மானிக்கட்டும்.