கடைசி வண்டி யாருடைய பொறுப்பு?

கெடாவில் மோட்டார் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு பாதை தயாராக இருக்கிறது. விடிந்ததும் சுங்கைப்பட்டாணியில் கூடி, பீடோங், செமெலிங், மெர்போக் வழியாகத் தஞ்சோங் டாவாய். அங்கே ஒரு தே தாரிக். பிறகு சிங்கிர் பக்கம் திரும்பி, யான், குவாலா கெடா என்று கடலோரமாகவே அலோர் ஸ்டார் வரை. இடது பக்கம் கடல், வலது பக்கம் ஜெராய் மலை, யானைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டும் தூரம் நெல்வயல். வாரம் முழுக்க ஃபேக்டரி ஷிப்டில் நின்ற பையனுக்கு இந்த ஒரு நாள் பெரிய விடுதலை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. எங்கள் குழுவின் கான்வாயில் கடைசியாக வரும் வண்டி என்னுடையது. அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது எழும் ஒரு கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

இருபது வண்டி கிளம்புகிறது. ஒருவன் பின்தங்குகிறான். அவனுக்காக மற்றவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டுமா?

"அவனவன் வண்டி, அவனவன் பொறுப்பு, அண்ணே. த்ரோட்டல் அவன் கையிலதானே இருக்கு? நாங்களா முறுக்கச் சொன்னோம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இன்னொருவன் வண்டியை நான் ஓட்ட முடியாது. லைசென்ஸ் எடுத்தவன் சின்னப் பிள்ளையும் அல்ல.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னால் போகிறவர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். 40-ல் ஊர்ந்து போகும் ஒரு லோரியை முந்திவிட்டு அதே 80-ல் தொடர்கிறார். பத்தாவது வண்டிக்கு எதிரே கார் வருகிறது, முந்த முடியவில்லை. லோரிக்குப் பின்னால் அரை நிமிடம் மாட்டிக்கொள்கிறது. அந்த அரை நிமிடத்தில் விழும் இடைவெளி ஏறக்குறைய 330 மீட்டர். அதைப் பிடிக்க அவன் 100-ல் ஒரு நிமிடம் ஓட்ட வேண்டும். அடுத்த லோரியில் மறுபடியும் இதே கதை. முன்னால் போகிறவர் 80-ஐத் தாண்டவே இல்லை. "நான் மெதுவாத்தானே போனேன்" என்று அவர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனாலும் பின்னால் வரும் கப்சாய் 100-க்கும் 110-க்கும் திணறிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தை முடிவு செய்தது யார்? கை அவனுடையதுதான். அந்தக் கையை முறுக்க வைத்த இடைவெளி முன்னால் இருப்பவர் உண்டாக்கியது.

நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள். ஆகவே இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

விபத்து நடந்த வீட்டுக்குப் போனால் இரண்டு வகைப் பேச்சு காதில் விழும். ஒன்று, "அவன் விதி". மற்றது, "அவனே தேடிக்கிட்டது. டயர் மொட்டை, ஓவர் ஸ்பீடு". தமிழில் சாலை விதிக்கும் தலைவிதிக்கும் ஒரே சொல் என்பது நமக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. முதலாவதை மீறியதால் வந்ததை இரண்டாவதன் கணக்கில் எழுதிவிடுகிறோம். "அவனே தேடிக்கிட்டது" என்பது அப்படியல்ல, பல சமயம் உண்மை. அது உண்மையாக இருந்தால் நம் பங்கு முடிந்துவிடுகிறதா?

மகாபாரதத்தின் கடைசிப் பகுதியைப் பலர் படிப்பதில்லை. பதினேழாவது பர்வத்தில் பாண்டவர்கள் ஐவரும் திரௌபதியும் எல்லாவற்றையும் துறந்து இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். முன்னால் தருமர். அதுவும் ஒரு கான்வாய்தான். வழியில் திரௌபதி விழுகிறாள், பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், கடைசியில் பீமன். ஒவ்வொருவர் விழும்போதும் பீமன் காரணம் கேட்கிறான். தருமர் ஒவ்வொருவரின் குறையையும் சொல்கிறார்: இவனுக்கு அறிவுச் செருக்கு, அவனுக்கு அழகுச் செருக்கு என்று. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் "அவனவன் வண்டி, அவனவன் பொறுப்பு" என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைத்திருக்காது. ஆனால் முடியவில்லை. இந்திரன் தேரோடு வந்து ஏறச் சொல்லும்போது, தம்பிகளும் திரௌபதியும் இல்லாமல் வர மாட்டேன் என்கிறார் தருமர். அவர்கள் முன்பே போய்விட்டார்கள் என்று இந்திரன் சொல்ல, கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டு ஏற மறுக்கிறார். அந்த நாய் தர்ம தேவதையே. அடுத்த பர்வத்தில், தன்னைச் சேர்ந்தவர்கள் நரகத்தில் துன்பப்படும் குரலைக் கேட்டு, சொர்க்கம் வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று அங்கே நின்றுவிடுகிறார். அவர்கள் குறை என்ன என்று அவருக்குத் தெரியும். வாயால் சொன்னவரே அவர்தான். தெரிந்தும் நின்றார்.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான். யார் தப்பு என்பது ஒரு கேள்வி. நான் என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதைக் கைகழுவிவிடுகிறோம்.

"அப்படின்னா ஒவ்வொருத்தனையும் அதட்டி வழி நடத்தணுமா? சேர்ந்து ஜாலியா போறதுதானே கிளப்பு?" என்று ஒரு தம்பி கேட்கலாம். அதட்டல் தேவையில்லை. ஆனால் கூட்டம் எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். இதே கெடாவில், போருக்குப் பிந்திய 1946, 47-ல், ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கு எதிராக நின்றார்கள். தனியாக இருந்தால் கள்ளுக்கடை வாசலைத் தாண்ட முடியாதவனுக்குக் கூட்டம் பலம் கொடுத்தது. அதே வயது இளைஞர்கள், அதே கூட்ட பலம். இன்று அது ஒருவனைத் தன் கைக்கு மீறிய வேகத்துக்கு இழுக்கவும் முடியும். பதினெட்டு வயதுப் பையனுக்கு விழுவதைவிட "என்னடா, கப்சாய் இழுக்கலையா?" என்ற சிரிப்புதான் பெரிய பயம்.

புதிதாக வருகிறவனிடம் "உன் வேகத்துல வா, துரத்தாதே" என்று எல்லாக் குழுவிலும் சொல்கிறோம். நல்ல புத்திமதி. ஆனால் அடுத்த சந்திப்பில் யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் அவன் துரத்தத்தான் செய்வான். மெதுவாகப் போகும் சுதந்திரத்தை அவனால் தனியாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. மற்றவர்கள் நின்றால்தான் அது அவனுக்குக் கிடைக்கும். ஆக, "அவனவன் பொறுப்பு" என்ற பேச்சு உண்மையாக வேண்டுமென்றாலும், "நாங்கள் காத்திருப்போம்" என்ற வாக்கு முதலில் வேண்டும்.

செய்ய வேண்டியது கஷ்டமான காரியமும் இல்லை. சின்ன வண்டியைக் கடைசியில் போடாதீர்கள். முன்னால் போகிறவருக்கு அடுத்ததாக விடுங்கள். அவர் கண்ணாடியில் அது தெரிந்துகொண்டே இருக்கும், வேகமும் தானாக அடங்கும். லோரியை முந்தினால், பின்னால் எல்லோரும் முந்தி வரும்வரை வேகத்தைக் குறைத்துப் போங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒருவர் நின்று கடைசி வண்டிக்கு வழிகாட்டட்டும். ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோமே, அந்தக் கையோடு ஹெல்மெட் வாரையும் இறுக்கிக் கட்டுவோம்.

இப்படிப் போனால் அலோர் ஸ்டார் சேர அரை மணி நேரம் கூடலாம். கூடட்டும். இருபது பேராகக் கிளம்பியவர்கள் இருபது பேராகச் சாப்பிட உட்காருவோம்.